கடலடியிற் கண்ட நட்பு

சகவாசம் என்னும் சொல்லை நம் வீடுகளிற் பெரும்பாலும் அச்சத்தோடுதான் உச்சரிக்கிறோம். பிள்ளை பரீட்சையிற் சறுக்கினாற் சகவாசம். வீட்டுக்கு நேரஞ் சென்று வந்தாற் சகவாசம். நல்ல தோழனால் அவன் முன்னேறிவிட்டாலோ, அது அவனுடைய கெட்டித்தனம்! திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் வகுத்து, அவற்றுள் இரண்டைத் தீ நட்புக்கும் கூடா நட்புக்கும் ஒதுக்கினார். நாம் அவ்விரண்டை மாத்திரம் படித்துவிட்டு மற்றைய மூன்றையும் மூடிவைத்துவிட்டோம் போலும்.

திருகோணமலையில் வாழும் நமக்கு இது பற்றிச் சிந்திப்பதற்கு ஓர் உதாரணம் கண்முன்னே இருக்கிறது. பிரெட்றிக் கோட்டையினூடாகச் சுவாமிமலைக்கு ஏறிச் செல்லும் அடியார்கள் கோணேசர் ஆலயத்திலே கடலிலிருந்து மீட்கப்பெற்ற சுயம்புலிங்கத்தைத் தரிசிக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்தபோது கடலுட் சென்றவற்றுள் அதுவும் ஒன்று என்பர். அதனை 1956 இல் வெளியே கொணர்ந்தவர்கள் நம்மவர் அல்லர்; இரண்டு ஆங்கிலேய நண்பர்கள்.

ஒருவர் ஆதர் சி. கிளார்க். பூமியின் மத்திய கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்திற் செய்மதிகளை நிறுத்தினால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இலேயே எழுதியவர். மற்றவர் மைக் வில்சன். வயதில் இளையவர், கடலையும் புகைப்படக் கருவியையும் அன்றி வேறொன்றையும் பெரிதாக மதியாதவர். விண்வெளியிலே பாரமற்றிருக்கும் நிலையை அறிய நீருக்கடியிற் செல்வதே தமக்கு எட்டிய வழி என்று கிளார்க் கருதினார். அந்த ஆவலே எழுத்து மேசையில் இருந்தவரைச் சுழியோடியோடு சேர்த்து வைத்தது.

1954 ஆம் ஆண்டின் இறுதியிற் கிளார்க் அவுஸ்திரேலியப் பவளப்பாறைகளை நோக்கிப் புறப்பட்டார். வழியிலே கப்பல் கொழும்பிற் சிறிது நேரம் தங்கிற்று. அங்கே விலங்கியல் அறிஞரும் சுழியோடியுமான றொட்னி ஜொங்க்ளாஸ் அவருக்கு அறிமுகமானார். அந்தச் சில மணி நேரச் சந்திப்பிலே விழுந்த விதை வீண் போகவில்லை. 1956 இற் கிளார்க் வில்சனோடு இலங்கைக்கு வந்தார். இந்நாட்டையே தம் இல்லமாக்கிக்கொண்டு 2008 இல் இங்கேயே காலமானார். சுவாமிமலையின் அடியிலே செதுக்கிய தூண்களையும் கற்களையும் அவ்விருவரும் கண்டனர். அடுத்த ஆண்டே கிளார்க் அந்த அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். வில்சன் இல்லையேல் அவர் இந்தக் கடலில் இறங்கியிருப்பாரோ என்னவோ!

1961 இலே தென்கிழக்குக் கடலில், ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களோடு மூழ்கிக் கிடந்த கப்பலொன்றை வில்சன் கண்டுபிடித்தார். 1962 இல் அவர் இயக்கிய 'ரன்முத்து தூவ' முதலாவது சிங்கள வர்ணத் திரைப்படமாயிற்று. அதே ஆண்டிற் கிளார்க்கை இளம்பிள்ளைவாதம் தாக்கிப் பல மாதங்கள் படுக்கையிற் கிடத்தியது. பின்னர் அவர் கடலுக்குத் திரும்பினார். தரையிலே தடுமாறிய கால்கள் நீருக்குள்ளே அவருக்குப் பாரமாகவில்லை. நண்பரோடு பழகிய வித்தை நோயிலும் துணை நின்றது.

இந்த நட்பு கடைசிவரை ஒரே பாதையிற் சென்றது என்று கூறுவதற்கில்லை. 1970களில் வில்சன் காவியுடுத்துச் சுவாமி சிவ கல்கி ஆனார். கிளார்க்கோ தமது இறுதிச் சடங்கிலே எந்தச் சமயக் கிரியையும் கூடாது என்று எழுதிவைத்தவர். ஒரே கடலில் இறங்கியவர்களுள் ஒருவர் சிவனைக் கண்டார். மற்றவர் நட்சத்திரங்களை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஒத்த குணமும் ஒத்த புள்ளிகளும் உள்ள பிள்ளைகளையே தேடித் தம் மக்களுக்குத் தோழராக்கும் பெற்றோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஹார்வட் பல்கலைக்கழகத்தார் 1938 முதல் தலைமுறைகளைத் தொடர்ந்து நடத்திவரும் ஆய்விலும், முதுமையில் உடல்நலத்தோடும் மகிழ்ச்சியோடும் இருப்பவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவுகளைப் பேணியவர்களே என்று கண்டிருக்கிறார்கள். இதை அறிய நமக்கு அமெரிக்கா வேண்டுமா என்று கேட்கலாம். நமக்கு வேண்டியிருந்தது!

பல வருடங்களுக்கு முன்னர் ஒரு தகப்பனார் நம்மிடம் வந்தார். மகன் உயர்தர வகுப்பிற் கணிதம் படிப்பவன். மாலையானால் மீன்பிடிக் குடும்பத்துப் பையனொருவனோடு உட்துறைமுகக் கரையிலேயே கிடக்கிறான் என்று முறையிட்டார். "சேர், நீங்கள் சொன்னாற்தான் கேட்பான்" என்றார். நாமும் சொன்னோம். பையன் கேட்டான். பல்கலைக்கழகம் சென்று பொறியியலாளனும் ஆனான். நமது ஆலோசனை பலித்தது என்று நாம் மற்றைய பெற்றோரிடமும் பெருமையோடு எடுத்துக் கூறியதுண்டு.

சென்ற வருடம் அவன் இனிப்புப் பெட்டியோடு நம் வீட்டுக்கு வந்தான். பேச்சுவாக்கில் அந்தத் தோழனைப் பற்றிக் கேட்டோம்.

"அவன்தான் சேர் எனக்கு நீந்தப் பழக்கினவன். நீங்கள் சொன்ன பிறகு நான் அவனோடு கதைக்கவேயில்லை. ஏன் என்று அவன் ஒரு நாளும் கேட்கவுமில்லை."

நமக்கு மறுமொழி வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போய்ப் பார்ப்போம்" என்றோம். இருவருமாக உட்துறைமுகக் கரைக்கு நடந்தோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம் விசாரித்தபோது, அவன் தொழிலுக்குப் போய்விட்டான், விடியப் புறந்தான் வருவான் என்றார். நாம் திரும்ப எத்தனித்தோம். நம் மாணவனோ கரையேற்றியிருந்த வள்ளமொன்றின் விளிம்பிலே உட்கார்ந்து, காலணிகளைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தான்.