தேதி தெரியாத தேர்வு

கணினித் திரையில் ஒரு கல் தோன்றுகிறது. அதற்கடியில் பாம்பு இருக்கிறதா, இல்லையா என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். பாம்பு இருந்துவிட்டால் கையில் சுரீரென்று மின்னதிர்ச்சி. ஊகம் சரியாக இருந்தாலும் அதிர்ச்சி உண்டு, தப்பிக்க வழியே இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆர்ச்சி டி பெர்க்கரும் சகாக்களும் 45 பேரை உட்காரவைத்து இப்படி விளையாடவைத்தார்கள். கூடவே கண்மணி விரிவதையும் வியர்ப்பதையும் அளந்தார்கள். முடிவு 2016இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியானது. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த நேரத்தில் அவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற நேரத்தில்தான் உச்சத்துக்குப் போனது. அடி விழப்போவது உறுதியென்றால் உடம்பு அதற்குத் தயாராகிவிடுகிறது. விழுமா விழாதா என்பதைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை.

இந்த ஆய்வு வந்து நான்கு ஆண்டுகளில், அதே கேள்வியை யாரும் திட்டமிடாமலேயே ஒரு நகரம் முழுக்கக் கேட்டுப் பார்க்கும் நிலை புனேயில் வந்தது. மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா தொற்று உறுதியானது அங்கேதான், 2020 மார்ச் 9 அன்று. மறுநாள் என்ன நாள் என்பது யாருக்கும் உடனே நினைவுக்கு வந்திருக்காது: 1897இல் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, தானும் பிளேக் கண்டு சாவித்திரிபாய் புலே இறந்தது ஒரு மார்ச் 10. புனே பல்கலைக்கழகம் 2014 முதல் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

புனேயில் படிப்பது என்றால் பெர்குசன் கல்லூரி, சிம்பயாசிஸ் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. சதாசிவ் பேட், நாராயண் பேட், நவி பேட் ஆகிய பழைய தெருக்களில் வேறொரு பெரிய மாணவர் உலகம் இருக்கிறது. பீட், லாத்தூர், நாந்தேடு பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பட்டம் முடித்து வந்து, எம்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள் (நம் டி.என்.பி.எஸ்.சி.க்கு அங்கே அதுதான் பெயர்). அறை எடுக்கக் காசில்லாதவருக்கு 'காட் பேஸிஸ்' உண்டு: அறையில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். சாப்பாடு மெஸ்ஸில். படிப்பு 'அப்யாசிகா' எனப்படும் வாசிப்புக் கூடத்தில், மாதச் சந்தா கட்டி, தடுப்பு வைத்த ஒரு மேசை முன்னால். ஊரடங்கு வந்ததும் மெஸ்ஸும் அப்யாசிகாவும் ஒரே நேரத்தில் பூட்டப்பட்டன. கட்டில் வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்களுடைய தேர்வு 2020 ஏப்ரல் 5 அன்று நடந்திருக்க வேண்டும். தள்ளிப்போனது. செப்டம்பர் 13 என்றார்கள். அன்று நீட் வருகிறது என்று 20க்கு மாற்றினார்கள். பிறகு அக்டோபர் 11. அதுவும் போய் 2021 மார்ச் 14. அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 11 அன்று, தொற்று ஏறுவதால் மீண்டும் தள்ளிவைக்கிறோம் என்று அறிவிப்பு வந்தது. நவி பேட் பகுதியில் மாணவர்கள் சாஸ்திரி சாலையில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டம் எதைக் கேட்டது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டாம் அலை எழும்பிக்கொண்டிருந்த நகரத்தில், நெருக்கியடித்து உட்கார்ந்து, தேர்வை வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பொறுப்பில்லாத பிள்ளைகள் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோய் என்பது ஓரளவு தெரிந்த ஆபத்து. முகக்கவசம் போடலாம், கை கழுவலாம், ஊருக்குப் போய்விடலாம். தேதி மட்டும்தான் கல்லுக்கடியில் இருந்தது. போதாததற்கு, தேர்வு தள்ளிப்போனாலும் வயது வரம்பு தள்ளிப்போகாது என்ற பயமும் இருந்தது. மறுநாளே மார்ச் 21 என்று புதுத் தேதி வந்தது, அன்று தேர்வும் நடந்தது.

கல்லூரி மாணவர்களுக்கு இதே கதை வேறு உருவத்தில் வந்தது. இறுதியாண்டுத் தேர்வு கிடையாது, முந்தைய மதிப்பெண் சராசரியில் பட்டம் உண்டு என்று 2020 மே 31 அன்று முதல்வர் உத்தவ் தாக்கரே அறிவித்தார். பல்கலைக்கழகங்களின் வேந்தரான ஆளுநர் கோஷ்யாரி எதிர்த்தார். ஜூலை 6 அன்று யு.ஜி.சி., தேர்வு கட்டாயம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், தேர்வில்லாமல் பட்டம் தரக் கூடாது என்று ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பானது. அக்டோபரில்தான் சாவித்திரிபாய் புலே பல்கலைக்கழகம் இணையவழித் தேர்வைத் தொடங்கியது, அங்கும் முதல் நாள்களில் தொழில்நுட்பக் கோளாறு. நாம் சிரிக்க முடியாது. தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்புதான் தமிழகத்தில் அரியர் வைத்திருந்தவர்கள் பணம் கட்டியிருந்தாலே பாஸ் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவிக்க, ஊரெல்லாம் பேனர் கட்டிக் கொண்டாடினார்கள். அதை ஏற்க முடியாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல அடுத்த ஏப்ரல் ஆகிவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பிள்ளைகள் பாஸா, பெயிலா?

லண்டன் ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நிச்சயமின்மை ஏறும்போது யாருடைய பதற்றம் கூடவே ஏறி, அது இறங்கும்போது இறங்கியதோ, அவர்கள்தான் பாம்பு எங்கே என்பதை நன்றாக ஊகித்தார்கள். ஆக, பதற்றம் பழுது அல்ல. 'இங்கே விஷயம் இன்னும் புரியவில்லை, கவனி' என்று மூளை தன்னையே தட்டி எழுப்பும் முறை அது. கவனித்தால் புரியும், புரிந்தால் பதற்றம் தணியும். இந்தச் சுற்று முழுமையாக ஓடுவதற்கு, கற்றுக்கொள்ள ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். தேர்வாணையத்தின் அறிவிப்பில் கற்றுக்கொள்ள எந்த ஒழுங்கும் இல்லை. எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அடுத்த தேதியை ஊகிக்க முடியாது. ஆனாலும் மூளை விடாது. வாட்ஸ்அப் குழுவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லும். கற்பதற்கென்று அமைந்த இயந்திரம் கற்க ஒன்றுமில்லாமல் மாதக்கணக்கில் சுழன்றால் தேய்மானம் தூக்கத்திலும் பசியிலும் நினைவாற்றலிலும்தான் தெரியும்.

நிச்சயமின்மை பாதிதான். மீதிப் பாதி தனிமை: பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் ஊருக்குப் போனது. பெருந்தொற்றுக்கு முன்பே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லிவியா டொமோவாவும் ரெபெக்கா சாக்ஸும் 40 பேரை ஒரு நாள் பத்து மணிநேரம் யாரையும் பார்க்காமல், போனும் இல்லாமல், தனியே இருக்கவைத்தார்கள். இன்னொரு நாள் அதே பத்து மணிநேரம் சாப்பாடு இல்லாமல். பிறகு மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பட்டினி கிடந்தவர்களுக்குப் பாஸ்தா படத்தைக் காட்டியபோது நடுமூளையில் எந்தப் பகுதி துடித்ததோ, தனித்திருந்தவர்களுக்கு மனிதர்கள் கூடிச் சிரிக்கும் படத்தைக் காட்டியபோதும் அதே பகுதி துடித்தது. டோபமைன் செல்கள் நிறைந்த இடம் அது. மெஸ்ஸில் தட்டோடு நின்று வம்பு பேசும் பதினைந்து நிமிடத்தையும் மூளை சாப்பாட்டுக் கணக்கிலேயே வைத்திருக்கிறது. முடிவு 2020 நவம்பரில் வெளியானபோது உலகமே தனித்திருந்தது.

உலக அளவில் எவ்வளவு பாதிப்பு? 2021இல் 'லான்செட்' இதழில் வந்த கணக்கு, 2020 என்ற ஒரே ஆண்டில் கூடுதலாக 5.3 கோடி பேருக்கு மனச்சோர்வு நோயும் 7.6 கோடி பேருக்குப் பதற்ற நோயும் வந்ததாக மதிப்பிட்டது. கொரோனா அதிகம் கொன்றது முதியவர்களை. மனநோய் அதிகம் கூடியதோ இளையவர்களிடம், அதிலும் பெண்களிடம். பட்டப்படிப்பு வயதுதான் அது. பல மனநோய்கள் முதலில் தலைகாட்டும் வயதும் அதுவே.

ஆனால் இந்த மாதிரி எண்களைப் படிக்கும்போது ஒரு சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த நாள்களில் நடந்த மாணவர் ஆய்வுகளில் பாதிக்கு மேல் கூகுள் படிவம்தான் என்று தோன்றும். வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், சிக்னல் இருப்பவர் நிரப்புவார். அடிக்கடி கேட்கப்பட்டவற்றில் ஒன்று, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 என்ற கேள்வித்தாள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டாலே மருத்துவர் கவனிக்க வேண்டும். கேட்பது கடைசி இரண்டு வாரத்தைப் பற்றி மட்டுமே. புனே மாணவரிடம் புதுத் தேதி வந்த வாரம் கேட்டால் ஒரு மதிப்பெண், தேதி போன வாரம் கேட்டால் வேறொன்று. அதற்கு முந்தைய ஆண்டு அவர் எப்படி இருந்தார் என்பதும் தெரியாது.

அந்தக் குறை இல்லாத அபூர்வ ஆய்வு அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியுடையது. அங்கே 2017 முதலே மாணவர்களின் சம்மதத்தோடு அவர்களது போன்களே நடமாட்டத்தைக் குறித்துவந்தன. 2020 மார்ச்சில் வளாகம் மூடியபோது 217 பேரின் பழைய நாள்களும் புதிய நாள்களும் அருகருகே கிடைத்தன. போன இடங்கள் குறைந்தன, உட்கார்ந்தே இருக்கும் நேரம் கூடியது, மனச்சோர்வும் பதற்றமும் முந்தைய பருவங்களைவிட ஏறின. ஒரு வேடிக்கை என்னவென்றால், எல்லா இடத்திலும் தூக்கம் கெட்டுவிடவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் 139 மாணவர்களை அளந்தபோது வாரநாள்களில் படுக்கையில் அரைமணி நேரம் கூடுதலாக இருந்தார்கள். காலை எட்டு மணி வகுப்புக்குப் பஸ் பிடிக்க வேண்டாமே.

டொமோவாவின் முடிவுகளில் ஒன்றைக் கடைசிக்கு வைத்தேன். முன்பிருந்தே நாள்பட்ட தனிமையில் வாழ்ந்தவர்களுக்கு, பத்து மணிநேரத்துக்குப் பிறகும் மனிதர் படத்தைப் பார்த்து அந்த நடுமூளைத் துடிப்பு அவ்வளவாக எழவில்லை. 2021 அக்டோபரில் புனேயில் கல்லூரிகள் திறந்து, 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்து மறுபடி மூடும்வரை, கேன்டீனுக்கு ஓடிவந்தவர்களை எண்ணித் திருப்திப்பட்டிருக்கலாம். ஆளனுப்பித் தேடியிருக்க வேண்டியவர்கள், திறந்தும் வராதவர்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண்ணான 14416, 2022 அக்டோபர் 10 அன்றுதான் தொடங்கியது. இருபத்து நான்கு மணிநேரமும் தமிழிலும் மராத்தியிலும் பேசுவார்கள், ஆனால் முதலில் அழைக்க வேண்டியவர் நோயாளிதான்.