கூதிரும் வேங்கையும்: கேமரன் மலையில் குறிஞ்சியைக் கற்றல்

தமிழரின் அகப்பொருள் மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது. இவ்விரண்டனுள் நிலத்தைப் பற்றிய பாடம் நம் வகுப்பறைகளில் ஓரளவு எளிதாகவே நடைபெறுகிறது. மலையையும் காட்டையும் வயலையும் கடற்கரையையும் இந்நாட்டு மாணவர் கண்டிருக்கின்றனர். பொழுதைப் பற்றிய பாடம் வரும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம் என்று அட்டவணை எழுதிக் காட்டுகிறோம்; மாணவரும் மனனம் செய்து தேர்வில் எழுதிவிடுகின்றனர். ‘ஆண்டு முழுவதும் இங்கு வெயிலும் மழையுந்தானே, கூதிர் என்றால் என்ன?’ என்று வினவும் மாணவருக்கு, ‘அது தமிழகத்துப் பருவம், இங்கு இல்லை’ என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கிறது. நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே விடையிறுத்து வந்தோம். அவ்விடை பாதியே உண்மை என்பதைக் கேமரன் மலையில் தங்கியிருந்த ஓராண்டு நமக்கு உணர்த்தியது. மலையில் வாழ்வோர் விலங்கையும் பறவையையும் மரத்தையும் மழையையும் நெடுங்காலம் உற்றுநோக்கிப் பெற்ற அறிவே குறிஞ்சியின் பொழுதாகவும் கருப்பொருளாகவும் அமைந்தது என்பதை, அங்குக் கண்டவற்றின் துணைகொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

மலையில் பெரும்பொழுது

கேமரன் மலை, பகாங் மாநிலத்தின் வடமேற்கில், தித்திவாங்சா மலைத்தொடரில் அமைந்துள்ளது. 1885ஆம் ஆண்டில் நில அளவைக்காக வந்த வில்லியம் கேமரனின் பெயரே இதற்கு வழங்கலாயிற்று. 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் வந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இம்மலையில் வாழ்கின்றனர். மலேசியத் தமிழருக்குக் குறிஞ்சி நிலம் ஏட்டளவில் மட்டும் உள்ளதன்று என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

இம்மலையில் மழை மிகுந்து பெய்யும் காலம் அக்டோபரும் நவம்பரும் ஆகும். தமிழ்த் திங்கள்களில் கூறின் ஐப்பசியும் கார்த்திகையும், அதாவது கூதிர். மழை குறைந்து இரவுக் குளிர் மிகுவது சனவரியிலும் பிப்ரவரி முற்பகுதியிலும். மலேசியாவில் இதுகாறும் பதிவாகியுள்ள மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை செல்சியசு. அது 1978 பிப்ரவரி 1ஆம் நாளன்று கேமரன் மலையில் பதிவாயிற்று. அந்நாள் தைத் திங்களில் அடங்கும். மார்கழியும் தையும் முன்பனிக்குரியவை. குறிஞ்சிக்கெனத் தொல்காப்பியர் ஒதுக்கிய இரு பருவங்களும் இவ்வாறு நம் மலையிலும் ஏறத்தாழ அதே திங்கள்களில் அமைதல் நம்மை வியப்பில் ஆழ்த்தியது.

எனினும் இவ்வொற்றுமையை மிகைப்படுத்தலாகாது, காரணங்கள் வேறு. தமிழகத்தில் கூதிர் மழையைத் தருவது வங்கக் கடலினின்று வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. தித்திவாங்சா மலையிலோ அக்டோபர் என்பது இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காற்று தளர்ந்திருக்கும் அந்நாள்களில் காலை வெயிலால் சூடேறிய ஈரக்காற்று சரிவுகளில் மேலெழுந்து, பிற்பகலில் இடியுடன் கூடிய மழையாகிறது. ஏப்ரல், மே திங்கள்களில் இத்தகைய மழை மீண்டும் ஒருமுறை மிகுகிறது. அதற்கு நம் ஆறு பருவப் பகுப்பில் இடமில்லை. தமிழகத்தில் அது இளவேனில். இங்குப் பகற்பொழுதின் நீளம் ஆண்டு முழுவதிலும் அரைமணி நேர அளவே வேறுபடுவதால், பின்பனியும் முதுவேனிலும் தனித்தனிப் பருவங்களாகப் புலப்படா. பொருந்துவதைப் போலவே பொருந்தாததையும் மாணவருக்குக் காட்டுதல் வேண்டும். அட்டவணை ஒரு நிலத்தில் வாழ்ந்தோரின் பட்டறிவு என்பது அப்போதுதான் அவர்க்கு விளங்கும்.

யாமமும் வழியின் இடரும்

கூதிரையும் யாமத்தையும் ஏன் ஒருங்கு வைத்தனர் என்னும் வினா, தானா ராத்தாவின் புறத்தே இருந்த ஒரு சிறு வீட்டில் நாம் கழித்த அக்டோபர் இரவுகளில் எழுந்தது. பிற்பகலில் தொடங்கிய மழை மாலையில் ஓயும். பின்னர் பள்ளத்தாக்கினின்று மூடுபனி ஏறிவரும். நள்ளிரவில் கைவிளக்கின் ஒளி பத்தடிக்கு அப்பால் செல்லாது. கண் பயனற்றுப்போன அந்நேரத்தில் செவியே துணை. தவளைகளின் ஒலி, ஓடைநீரின் இரைச்சல், இவற்றுக்கிடையே இரண்டு சிறு சீழ்க்கைகளாக ஒலிக்கும் மலை ஆந்தையின் குரல். அவ்வோடை பகலில் நாம் கல்மேல் கால்வைத்துக் கடந்ததுதான்; இரவிலோ அதன் முழக்கமே அச்சுறுத்திற்று.

குறிஞ்சிப் பாடல்களில் இரவுக்குறிக்கு வரும் தலைவனிடம் தோழி வழியின் இடரை எடுத்துரைக்கிறாள். யானையும் புலியும் வழங்கும் வழி, பெருக்கெடுத்த காட்டாறு, வழுக்கும் பாறை என அவள் அடுக்குவதை நாம் வரைவு கடாவும் உத்தியென்று விளக்கம் எழுதிக் கடந்துவிடுகிறோம். உத்தி என்பது உண்மையே. ஆனால் அவ்வுத்திக்கு வலிமை தருவது கூதிர் யாமத்து மலைவழியின் மெய்யான இடர். பொழுது அங்கு அழகுக்காக வைக்கப்பெற்ற பின்புலமன்று. தலைவியின் அச்சத்துக்கும் தலைவனின் துணிவுக்கும் அதுவே அளவுகோல்.

அவ்விடர் பழங்கதையும் அன்று. 2013 அக்டோபர் 23ஆம் நாள் பெருமழைக்கிடையே சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டதைத் தொடர்ந்து பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது. 2014 நவம்பர் தொடக்கத்தில் அதே பகுதியிலும் ரிங்லெட்டிலும் நிலச்சரிவும் சேற்று வெள்ளமும் நேர்ந்தன. இரு நிகழ்வுகளிலும் உயிர்கள் மாண்டன. இரண்டும் கூதிர்ப் பருவத்தில் அடங்குவன. காய்கறித் தோட்டங்களுக்காகக் காடு நீக்கப்பட்ட சரிவுகளில் மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லை. மழைநீர் அம்மண்ணையும் சுமந்து இறங்கி ஆற்றையும் அணையையும் தூர்த்துவிடுகிறது. குறிஞ்சித் திணையைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனைக் கூறாது விடுவாராயின் பாடத்தின் ஒரு பகுதி விடுபட்டதாகவே நாம் கருதுகிறோம்.

நாள் குறிக்கும் உயிர்கள்

பருவத்தைத் திங்கள் பெயரால் மட்டும் அறியாமல் உயிர்களின் வரவால் அறிதல் மலைவாழ்வோர் இயல்பு. தோட்டத்தில் நாற்பதாண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர், செப்டம்பர்த் திங்களில் ஒரு காலை, ஓடைக்கரையில் வாலை மேலும் கீழும் ஆட்டியவாறு ஓடிய சிறு பறவையைச் சுட்டி, “வாலாட்டி வந்திருச்சு பாருங்க தம்பி, இனி மழை பின்னாலேயே வந்திரும். குடையில்லாம வெளியே போவாதீங்க” என்றார். அது மஞ்சள் வயிறும் சாம்பல் நிற முதுகும் உடைய வாலாட்டிக் குருவி. வட ஆசியாவில் இனம்பெருக்கிவிட்டுத் தென்திசை நோக்கி வலசை வரும் இப்பறவை இங்கு ஆகஸ்டு இறுதியிலிருந்து காணப்படுகிறது, ஏப்ரலுக்குள் திரும்பிவிடுகிறது. இதே இனப் பறவைகள் அதே காலத்தில் நீலகிரியின் ஓடைகளுக்கும் வந்து சேர்கின்றன. பறவை நூல் எதனையும் படித்திராத அம்மூதாட்டி ஆண்டுதோறும் கண்டு தெளிந்த செய்தி இது. நமக்கோ அதனை அறிய ஒரு நூலும் ஒரு தொலைநோக்கியும் தேவைப்பட்டன.

சங்கப் பாடல்களில் வேங்கை மரம் இப்பணியைச் செய்கிறது. வேங்கை மலர்வது தினை முற்றியதற்கும் மணம்பேசுதற்குரிய காலத்துக்கும் அறிகுறி. அதனால் அம்மரத்தையே நாள் குறிக்கும் கணியனாகப் புலவர் பாடினர். தினை கொய்தபின் தலைவி புனங்காக்க வாராள், பகற்குறி தடைப்படும், வரைவு விரைவில் நிகழ்தல் வேண்டும். ஒரு மரத்தின் பூப்பு ஒரு பெண்ணின் வாழ்வையே திருப்பிவிடுகிறது. அவ்வேங்கை இந்நாட்டில் இயற்கையாக வளர்வதன்று. ஆனால் அதன் நெருங்கிய உறவான அங்சானா மரம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தெருவெங்கும் நிழல் தருகிறது. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை; இரண்டுக்கும் மஞ்சள் மலர். வறண்ட நாள்களுக்குப்பின் மழை பெய்ததும் அங்சானா ஒரே நாளில் பூத்துக் குலுங்கி, மறுநாள் சாலையை மஞ்சள் விரிப்பாக்கிவிடும். வேங்கைப்பூ உதிர்ந்த பாறையைப் புலியென மயங்கும் பாடலை விளக்க, மலைக்குச் செல்ல இயலாத ஆசிரியர் பள்ளி வாயிலுக்குச் சென்றாலே போதும். பல ஆண்டுகள் அம்மரத்தின்கீழ் மகிழுந்தை நிறுத்தி, படிந்த பூவைத் தூற்றிக்கொண்டே துடைத்தவருள் நாமும் ஒருவர்.

விலங்குகளைப் பொறுத்தவரை ஒப்பீடு அத்துணை எளிதன்று. யானையும் கரடியும் மலேசியக் காடுகளில் உள்ளன. புலி அருகிவிட்டது, 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, தீபகற்பக் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன என மதிப்பிட்டது. மயில் இங்கில்லை, தீபகற்ப மலேசியாவுக்கே உரிய மலை மயிற்கோழி உண்டு, எனினும் அதனைக் காண்பது அரிது. மந்தியும் கடுவனும் என்றவுடன் நாம் எண்ணுவது பிரேசர் மலையின் சியாமாங் குரங்கையே. ஆணும் பெண்ணும் கழுத்துப் பையை உப்பவைத்து இணைந்து எழுப்பும் காலைக்குரல் பள்ளத்தாக்கைக் கடந்து கேட்கும். கூவுவது இணையா ஒரு கூட்டமா என்று முதல்நாள் நம்மால் பிரித்தறிய இயலவில்லை.

பன்னிரண்டு ஆண்டும் எண்ணமுடியா ஆண்டும்

திணைக்குப் பெயர் தந்த குறிஞ்சிச் செடியும் காலக்கணக்கோடு தொடர்புடையதே. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, விதை ஈன்று மடிகிறது. மூணாற்றுப் பகுதியில் 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. ஒருவர் தம் வாழ்நாளில் ஐந்தாறு முறையே காணக்கூடிய ஒன்றை ஒழுங்குடையதென அறிவதற்குப் பாட்டியின் நினைவும் பேத்தியின் கண்ணும் ஒன்றுசேர வேண்டும். குறிஞ்சிப்பூத் தேனைத் தலைவனின் நட்போடு சேர்த்துப் பேசும் குறுந்தொகைப் பாடலை இப்பின்னணியில் படிக்கும்போது, அத்தேனின் அருமையும் பொருளின் ஒரு பகுதியாகிறது.

நம் காடுகளில் இதற்கு இணையான நிகழ்வு ஒன்று உண்டு. ஆனால் அதற்கு எண் இல்லை. கேமரன் மலையின் அடிவாரக் காடுகளிலுள்ள மெராந்தி முதலிய மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு முதல் பத்து ஆண்டுகள்வரை வாளாவிருந்து, நீண்ட வறட்சியோ இரவு வெப்பநிலையில் திடீர்த் தாழ்வோ நேர்ந்தபின் பலவகை மரங்கள் ஒருங்கே பூக்கின்றன. எல் நினோ ஆண்டுகளோடு இப்பூப்பு பலமுறை தொடர்புற்றிருக்கிறது. அப்போது மலைத்தேனீக்கள் வந்திறங்கி, துவாலாங் மரத்தின் உயர்ந்த கிளைகளில் தேனடை கட்டுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்துப் பாறைகளில் தேனடை தொங்கவிடும் தேனீயும் இதே இனந்தான். எட்டாத பெருந்தேனை நோக்கிக் கைநீட்டும் முடவனின் உவமை இங்கும் பொருள் குன்றாது.

தினையும் நமக்கு அயலானதன்று. கேமரன் மலையைச் சுற்றி வாழும் செமாய் மக்களும் வடபால் வாழும் தெமியார் மக்களும் காட்டை வெட்டி எரித்துப் புனம் அமைத்து, மலைநெல்லோடு தினையும் விதைத்து வந்தவர்கள். மலாயில் செக்கோய் எனப்படும் அத்தானியமும் சங்கக் குறவர் காத்த தினையும் ஒன்றே. குறிஞ்சி மக்களைப் பற்றி எழுதும் நம் பாடநூல்கள், இரண்டு மணிநேரப் பயணத்தில் சென்று காணக்கூடிய இம்மலைமக்களைப் பற்றி ஒரு சொல்லும் கூறாதது பெருங்குறை என்போம்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டை ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டுப் பாடினார் என்பது மரபு. வேற்றுநிலத்து மாணவனுக்கான அப்பாட்டில் அவர் 99 பூக்களின் பெயர்களை வைத்தார். அவற்றை ஒப்பிக்கச் செய்யும் போட்டிகளை நாமும் நடத்தியிருக்கிறோம், பரிசும் வழங்கியிருக்கிறோம். பரிசு பெற்ற மாணவர்க்குத் தம் வீட்டெதிரே நின்ற மரத்தின் பெயர் தெரியவில்லை. பின்னர், மலையிலிருந்து திரும்பிய ஆண்டில், ஒரு வகுப்பினரிடம் குறிப்பேடு ஒன்றைக் கொடுத்து, நாள், மழை, கண்ட பறவை, பூத்த மரம் ஆகிய நான்கை மட்டும் எழுதுமாறு பணித்தோம். முதல் திங்களில் பலர் பொய்யாகவே நிரப்பினர். மழை பெய்யாத நாளில் மழை என்று எழுதியவரைச் சக மாணவரே திருத்தத் தொடங்கியபின் குறிப்புகள் செம்மையுற்றன.

அவ்வகுப்பைக் கேமரன் மலைக்கு அழைத்துச் சென்றபோது ஒரு புதிய இடர் எழுந்தது. கறுப்புத் தலையும் மஞ்சள் தொண்டையும் கன்னத்தில் வெள்ளித் திட்டும் கொண்ட சிறு பறவைகள் கூட்டமாக ஒரு புதரிலிருந்து மறுபுதருக்குத் தாவிச் சென்றன. மாணவர் பெயர் கேட்டனர். ஆங்கிலப் பெயரே கையிலிருந்தது. தமிழகத்துப் பறவை ஆர்வலர் இவ்வகைப் பறவைகளைச் சிலம்பன் என்பர் என்று கூறினோம். சிலம்பு என்றால் மலை. சிலம்பன் என்பது குறிஞ்சித் தலைவனின் பெயருமன்றோ என்று ஒரு மாணவி நினைவூட்டினாள். ‘வெள்ளிக்காதுச் சிலம்பன், காலை 7.40, தூறல்’ என்று அனைவரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்.