குளவி வளர்க்கிறீர்களா?

குளவி கொட்டினால் என்ன தடவ வேண்டும் என்பது நம் பாட்டிமார்களுக்கெல்லாம் தெரியும். குளவிக்கே உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது?

சிரிக்காதீர்கள். இத்தாலிய மொழியில் 'வெஸ்பா' என்றால் குளவி. ஆபீசுக்கும் கறிகாய் மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அலுக்காமல் போய்வந்த வெஸ்பா ஸ்கூட்டர், அதன் தம்பி முறையான பஜாஜ் சேதக், போட்டிக்காரியான லாம்பிரெட்டா ஆகிய மூன்றும் இன்னும் பல வீட்டுத் தாழ்வாரங்களில் நின்றுகொண்டிருக்கின்றன. அப்பா ஓட்டிய வண்டி என்று பாசத்தோடு வைத்திருப்பவர்கள் உண்டு. பழசுக்குத்தான் மவுசு என்று புதிதாகத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு. இரு சாராருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. இந்த வண்டிக்கு வரும் சீக்குகள் எல்லாம், அது எப்படிப் பிறந்தது என்பதிலேயே அடங்கியிருக்கின்றன.

மோட்டார் சைக்கிள் பிடிக்காதவர்

1884-ல் ஜெனோவாவில் ரினால்டோ பியாஜியோ தொடங்கிய கம்பெனி, நாளடைவில் ஆகாய விமானம் கட்டும் அளவுக்கு வளர்ந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் பான்டெடெரா என்ற ஊரிலிருந்த அதன் விமானத் தொழிற்சாலை குண்டு வீச்சில் நாசமாயிற்று. யுத்தம் முடிந்ததும் விமானத்துக்கு ஆர்டர் ஏது? தொழிலாளிகளுக்கு வேலை வேண்டும். சாலையெல்லாம் பள்ளமாகிப் போன தேசத்தில் ஜனங்களுக்கு மலிவாக ஒரு வாகனமும் வேண்டும். ரினால்டோவின் மகன் என்ரிகோ பியாஜியோ, ஒரு சிறு ஸ்கூட்டரைச் செய்து பார்க்கச் சொன்னார்.

முதலில் வந்த மாதிரிக்குத் தொழிலாளிகள் 'பாப்பெரினோ' என்று பெயர் வைத்தார்கள். டொனால்டு டக் வாத்துக்கு இத்தாலியில் அதுதான் பெயர்! என்ரிகோவுக்கு அந்த வாத்து பிடிக்கவில்லை. நடுவில் ஒரு மேடு இருந்தது. காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஏற வேண்டும். கவுன் அணிந்த பெண் எப்படி ஏறுவாள்?

வேலை கொராடினோ தஸ்கானியோ என்ற விமான என்ஜினீயரிடம் போயிற்று. 1930-லேயே ஹெலிகாப்டர் கட்டிப் பறக்கவிட்ட மனிதர் அவர். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு மோட்டார் சைக்கிளைக் கண்டாலே ஆகாது. உட்கார வசதியில்லை, செயின் எண்ணெய் துணியில் அப்புகிறது, பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவதற்குள் உயிர் போகிறது என்பது அவருடைய புகார்.

அந்தப் புகார்களுக்குப் பதில்தான் வெஸ்பா. எஞ்சினைப் பின் சக்கரத்தோடு சேர்த்தார்; செயின் தேவையற்றுப் போயிற்று. கியரைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். விமானத்தின் சக்கரத்தைப் போல முன் சக்கரத்தை ஒரே பக்கத்துக் கையில் பிடிக்கச் செய்தார். சக்கரத்தைச் சட்டென்று கழற்றி மாட்டலாம். யந்திரத்தை உறை போட்டு மூடினார். முன்னால் கவசத் தகடு வைத்தார். நடுவில் மேடில்லாமல் காலை நீட்டி உட்காரலாம். கொழுத்த பின்புறமும் ஒடிந்த இடுப்புமாக அது 'ரீங்' என்று சுற்றி வந்ததைப் பார்த்த என்ரிகோ, "குளவி மாதிரி இருக்கிறதே!" என்றாராம். பெயர் நிலைத்துவிட்டது.

1946-ஆம் வருஷம் ஏப்ரல் 23-ந் தேதி பேடண்டுக்கு மனுப் போட்டார்கள். 98 சி.சி. எஞ்சின், மூன்று கியர், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். பத்தே வருஷத்தில், 1956-ல், பத்து லட்சமாவது வெஸ்பா வெளிவந்தது. நடுவே 1953-ல் 'ரோமன் ஹாலிடே' படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் ரோமாபுரி வீதிகளில் அதை ஓட்டிக் கலக்கிய காட்சி உலகத்துக்கே அதை அறிமுகப்படுத்தியது.

நம் நாட்டில் 1960-களின் ஆரம்பத்திலிருந்து பஜாஜ் கம்பெனி பியாஜியோவின் லைசென்ஸில் வெஸ்பாவைத் தயாரித்தது. 1971-ல் ஒப்பந்தம் முடிந்தது. மறு வருஷம் அதே சாயலில், ராணா பிரதாப் சிங்கின் குதிரைப் பெயரைத் தாங்கி, சேதக் வந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனை! லாம்பிரெட்டா, மிலான் நகரத்து இன்னொசெந்தி கம்பெனியின் 1947-ஆம் வருஷத்துக் குழந்தை. அதன் யந்திரங்களை நம் சர்க்கார் விலைக்கு வாங்கி, 1972-ல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா ஸ்தாபனத்தைத் தொடங்கியது.

மூடி வைத்தால் மறந்து போகும்

தஸ்கானியோ யந்திரத்தை மூடியது புடவைக்கு நல்லது. யந்திரத்துக்கு? கண்ணில் படாதது கவனத்திலும் படாது. மோட்டார் சைக்கிளில் எண்ணெய் கசிந்தால் எதிரே தெரியும். ஸ்கூட்டரில் அது உறைக்குள்ளேயே கசிந்து, ஒரு நாள் நடுத்தெருவில்தான் தெரியவரும்.

மூடிய எஞ்சினுக்குக் காற்று எப்படிப் போகும்? சுழலும் ஃபிளைவீலில் இறக்கைகள் உண்டு, அவைதான் விசிறி. சிலிண்டரைச் சுற்றிய தகட்டு மடிப்புகளில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அடை அப்பினால் காற்று நுழையாது. சூடு ஏறும். ஆகவே மாதம் ஒரு தடவை பக்கத்து உறையைத் திறந்து துடைப்பது முதல் வைத்தியம்.

நோயும் குறியும்

பழைய வெஸ்பா, சேதக் வண்டிகளில் பெரும்பாலானவை 'டூ ஸ்ட்ரோக்' எஞ்சின். அதற்குத் தனியே எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலக்கும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கு வழவழப்பு. பிந்திய மாடல்கள் பலவற்றுக்கு லிட்டருக்கு 20 மில்லி போதும். ஆரம்ப கால வண்டிகளுக்கு இன்னும் அதிகம் வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவே அளவு. சாம்பாருக்கு உப்புப் போடுகிற மாதிரி கையளவு, கண்ணளவு இங்கே பலிக்காது. அதிகமானால் புகையும் கரியும். குறைந்தால் பிஸ்டன் இறுகி, ஓடும்போதே பின் சக்கரம் நின்றுவிடும். பின்னால் மனைவியும் முன்னால் குழந்தையும் இருக்கிற வண்டியில் இது விளையாட்டு அல்ல. எஞ்சின் சத்தம் திடீரென்று கம்மி இழுக்கத் தொடங்கினால், அந்த நொடியே கிளட்சைப் பிடித்து ஓரங்கட்ட வேண்டும்.

இதே காரணத்தால் மலைச் சாலையில் ஒரு ஜாக்கிரதை தேவை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை மூடியே வைத்திருந்தால் பெட்ரோல் போகாது. பெட்ரோல் போகாவிட்டால் எண்ணெயும் போகாது. அவ்வப்போது கிளட்சைப் பிடித்துக்கொண்டு லேசாக முறுக்கிவிடுங்கள்.

உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்தும் வண்டி கிளம்பவில்லையா? பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும். அடுத்தது பிளக். அதன் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எஞ்சின் சௌக்கியம். கறுத்து எண்ணெய் வடிந்தால் எண்ணெயோ பெட்ரோலோ அதிகம். வெளுத்திருந்தால் கலவையில் காற்று அதிகம், எஞ்சின் சுடுகிறது என்று பொருள். பிளக் சரியாக இருந்தும் பொறி வராவிட்டால், ஃபிளைவீலுக்குள் இருக்கும் பாயிண்ட் தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை. வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டு உதைக்கும் வழக்கம் நம் தெருக்களில் பிரசித்தம். அது வைத்தியம் அல்ல. தினமும் சாய்க்க வேண்டியிருந்தால் பிளக்கையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டது.

வண்டி கிளம்புகிறது, ஆனால் மேடு ஏறத் திணறுகிறதா? சைலன்ஸரில் கரி அடைத்திருக்கலாம். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இது ஜலதோஷம் மாதிரி. அவ்வப்போது வரும், கரியெடுத்தால் போகும்.

கவலைப்பட வேண்டிய குறிகள் இரண்டு. ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் தானாகக் கூவினால், ஃபிளைவீல் பக்கத்து ஆயில் சீல் வழியாகக் காற்று நுழையக்கூடும். வெண்புகை கக்கி, கியர் பெட்டியின் எண்ணெயும் குறைந்துகொண்டே வந்தால், கிளட்ச் பக்கத்து சீல் போயிருக்கும். சீல் என்பது ஒரு சின்ன ரப்பர் வளையம்தான். அதற்குச் சோம்பினால் பிஸ்டனுக்குச் செலவு வைக்கும்.

கைப்பிடியிலிருந்து ஐந்து கம்பிகள் இறங்குகின்றன: ஆக்ஸிலரேட்டருக்கு ஒன்று, கிளட்சுக்கு ஒன்று, முன் பிரேக்குக்கு ஒன்று, கியருக்கு இரண்டு. அறுந்தால் வண்டி அங்கேயே நிற்கும். நல்ல வேளையாக, அவை ஒரே நாளில் அறுவதில்லை. முதலில் ஓரிரு இழை பிரியும், பிடி கனக்கும். அப்போதே மாற்றிவிட்டால் ராத்திரி வேளையில் தள்ளிக்கொண்டு வர வேண்டாம். ஒரு கிளட்ச் கேபிளும் ஒரு பிளக்கும் எப்போதும் பெட்டியில் இருக்கட்டும்.

ஸ்டெப்னி மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. சக்கரத்தின் இரும்பு வளையம் இரண்டு பாதிகளாக, நட்டுப் போட்டு இணைத்தது. சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் நட்டுகளை மட்டுமே கழற்ற வேண்டும். காற்றை முழுக்க இறக்காமல் இரண்டு பாதிகளையும் பிரித்தால், அவை வெடித்துத் தெறித்துக் கையை முறித்துவிடும்.

உடம்பே எலும்பு

பழசு வாங்கப் போகிறவர்களுக்கு மிக முக்கியமான சமாசாரம் இனிமேல்தான். லாம்பிரெட்டாவுக்குள் ஒரு குழாய்ச் சட்டம் உண்டு. மேலே உள்ள தகடெல்லாம் அதற்குச் சட்டை. வெஸ்பாவில் அப்படியல்ல. விமானத்தைப் போல அதன் மேல் தகடேதான் வண்டியைத் தாங்குகிறது. சட்டை கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். எலும்பு உளுத்துப் போனால்?

கால் வைக்கும் தட்டில் ரப்பர் விரிப்புக்குக் கீழே மழைத் தண்ணீர் தங்கும். அங்கேதான் துரு பிடிக்கும். மேலே பளபளவென்று புதுப் பெயிண்ட் அடித்து, உள்ளே ஓட்டையைப் பட்டி பூசி மறைத்த வண்டிகள் சந்தைக்கு வருவதுண்டு. ஆகவே வண்டி பார்க்கப் போகும்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மை ஒன்றை, கீறாமலிருக்க மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். இரும்பில் ஒட்டும், பட்டியில் வழுக்கி விழும். குனிந்து வண்டியின் அடிவயிற்றையும் பாருங்கள். முன் கவசம் தட்டோடு சேரும் இடத்தில் மடிப்பு விழுந்திருந்தால், வண்டி எங்கேயோ மோதி நசுங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்த வேண்டும். பதிவு செய்து 15 வருஷமான வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். இதில் எது குறைந்தாலும், நிறம் எவ்வளவு அழகாயிருந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கிய வண்டியை அலங்காரமாக நிறுத்தி வைப்பதும் தப்பு. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் வளையங்களையும் கெடுக்கும். நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் குழாயை மூடுங்கள். மாதக் கணக்கில் நிற்கப் போகிறதென்றால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

2012-ல் பியாஜியோ மறுபடி இந்தியாவில் விற்கத் தொடங்கிய புது வெஸ்பாக்களுக்கு எண்ணெய் கலக்க வேண்டாம், கியரும் போட வேண்டாம். நடுத்தெருவில் நின்றால் உறையைத் திறந்து நாமே செய்யக்கூடியது அவற்றில் குறைவு. பழைய வண்டியின் பெருமை அங்கேதான் இருக்கிறது. அடிக்கடி மக்கர் செய்யும். ஆனால் ஒரு ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும் உள்ள எவருக்கும் கட்டுப்படும்.

அந்த 'எவருக்கும்' என்பதில் பெண்களும் சேர்த்தி. கவுன் அணிந்தவளும் ஏற வேண்டும் என்பதற்காகத்தானே அந்த வாத்தைத் தள்ளிவிட்டுக் குளவியைச் செய்தார்கள்? வீட்டில் எத்தனை பேர் அந்த வண்டியை ஓட்டுகிறார்களோ, அத்தனை பேருக்கும் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டத் தெரிந்திருக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைக்கும்போது உறையைத் திறந்து பழகிக்கொள்ளலாம். கையில் ஆகும் கரி சோப்புப் போட்டால் போய்விடும்.