அர்த்தம் தெரிகிறது, வாக்கியம் வரவில்லையே!

செவிலிமேட்டில் மஃரிபுக்குப் பிறகு நம்மிடம் ஓதவரும் பிள்ளைகள் பலரின் பையில் ஓர் ஆங்கில நோட்டும் இருக்கிறது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதற்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல். கேட்டால் இருநூறு சொற்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். "இதில் ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் சொல்" என்றால் தலை குனிந்துவிடும். கல்லூரியின் முதல் வருடத்தில் பிள்ளையைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளுவது இந்த மௌனம்தான். மதரஸாவில் ஓதி முடித்து பி.ஏ. படிக்கப் போன நாமும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்களே.

கோளாறு அந்த நோட்டில் இருக்கிறது. 'நம்பிக்கை' என்ற சொல்லைப் பாருங்கள். மழை பெய்யும் என்று விவசாயி காத்திருப்பது ஹோப். கடைக்காரர் துண்டுச்சீட்டுகூட இல்லாமல் கடன் கொடுப்பது ட்ரஸ்ட். மார்க்கத்தின் மீதுள்ளது ஃபெய்த். மேடையில் நடுங்காமல் பேச வைப்பது கான்ஃபிடன்ஸ். நான்குக்கும் நேரே 'நம்பிக்கை' என்று எழுதிவைத்த பிள்ளை, 'மை ஹோப் இஸ் இஸ்லாம்' என்று எழுதிக்கொண்டு வந்தால் யாரைக் குறை சொல்வது?

இதே பிள்ளைகள் ரஜா, தவக்குல், ஈமான், யகீன் என்ற சொற்களை அவ்வளவு எளிதில் குழப்பிக்கொள்வதில்லை. அவற்றை ஆயத்துகளோடும் ஹதீஸ்களோடும் பயான்களோடும் சேர்த்தே கேட்டு வளர்கிறார்கள். ராகிப் அல்-இஸ்ஃபஹானியின் 'அல்-முஃப்ரதாத்'தைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: குர்ஆனில் வரும் சொல்லுக்குப் பொருள் சொல்வதோடு, அது இடம்பெறும் வசனங்களையும் காட்டிக்கொண்டே போவார்.

ஆங்கிலத்திலும் இப்படிக் கற்கலாம். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர் மைக்கேல் வெஸ்ட். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு படும் பாட்டை நேரில் கண்டவர். 1935-ல் வெளியான அவருடைய அகராதி, சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கியது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, இருவரோடு சேர்ந்து தயாரித்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபடி வெளியிட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் தடித்த 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி' அதன் வாரிசுதான். எளிய ஆங்கிலத்தில் விளக்கம், கூடவே எடுத்துக்காட்டு வாக்கியம். பொருளை மட்டும் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போகிறவர்கள் பாதி விலையை வீணாக்குகிறார்கள்.

நம் ஊர் தறியிலிருந்தே சோதித்துப் பார்க்கலாம். 'ஷட்டில்' என்றால் நாடா. பாவு நூல்களுக்கிடையே இப்படியும் அப்படியும் ஓடி ஊடையைச் செலுத்துவது. இந்த விளக்கம் மனதில் பதிந்துவிட்டால், 'த பஸ் ஷட்டில்ஸ் பிட்வீன் காஞ்சிபுரம் அண்ட் செவிலிமேடு' என்பது தானாகப் புரிந்துவிடும். 'வார்ப்' என்றால் பாவு. ஆனால் 'த டோர் வார்ப்ட் இன் த ரெயின்' என்றால் மழையில் நனைந்த கதவு கோணிக்கொண்டது என்று பொருள். 'லூம்' என்றால் தறி. 'த எக்ஸாம் லூம்ஸ்' என்றால் தேர்வு பயமுறுத்திக்கொண்டு நெருங்குகிறது. ஒற்றைச் சொல் மனப்பாடம் செய்த பிள்ளை, தேர்வு அறையில் தறியைத் தேடும்!

ஆகவே ஒரு சொல்லுக்கு மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். முதல் வரியில் அகராதி தரும் எளிய விளக்கம். இரண்டாவதில் அகராதியின் எடுத்துக்காட்டு. மூன்றாவது வரி பிள்ளையின் சொந்த வாக்கியம். அது வீட்டிலோ தெருவிலோ கண்ட விஷயமாக இருக்கட்டும். நாளுக்கு மூன்று சொல் போதும். முப்பது சொல் எழுதும் வேகம் ஒரு வாரம்கூட நிற்பதில்லை.

"எங்களுக்கே ஆங்கிலம் தெரியாதே, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம். விளக்கத்தைத் தமிழில் சொல்லவைத்து, "இது நம் வீட்டில் எங்கே நடக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். அப்படி ஒரு தாய் 'ட்ரஸ்ட்' பற்றிக் கேட்டுவிட்டு, "பால்காரர் தண்ணீர் கலக்கமாட்டார் என்று இருக்கிறேனே, அதுவா?" என்றாராம். மறுநாள் மகள் நோட்டில் இருந்தது: 'மை மதர் ட்ரஸ்ட்ஸ் த மில்க்மேன்.' வாக்கியத்தில் திருத்த ஒன்றுமில்லை. பாலைப் பற்றித்தான் நமக்குக் கொஞ்சம் டவுட்.