ஜெராய் மலையும் அதன் ஓடைகளும்

கெடா மாநிலத்தின் நெல்வயல்கள் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை சமமாகப் பரந்து கிடப்பவை. அச்சமவெளியின் நடுவே, மலாக்கா நீரிணையை ஒட்டித் தனித்து எழுந்து நிற்பது ஜெராய் மலை. ஆங்கிலேயர் இதனைக் 'கெடா சிகரம்' என வழங்கினர். இதன் உயரம் 1,217 மீட்டர். அஃதாவது ஏறத்தாழ 4,000 அடி. இதனினும் உயர்ந்த மலைகள் நாட்டில் பல உள. எனினும், கடலோரத்தில் தனித்து நிற்பதே இம்மலையின் தனித்தன்மை. இதன் பழம்பெருமை, இது தரும் இன்பம், இதனால் விளையும் ஆபத்து ஆகிய மூன்றிற்கும் அதுவே காரணம் என்பதை ஈண்டுக் காண்போம்.

மாலுமிகளின் அடையாளம்

வானம் தெளிந்த நாளில் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கடலில் இருப்பவருக்கும் இம்மலை தென்படும். காந்த ஊசியும் வரைபடமும் இல்லாத காலத்தில், வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்களுக்கு இது கரைகாட்டும் அடையாளமாய் விளங்கிற்று. முதலாம் இராசேந்திர சோழன் கி.பி. 1025இல் படையெடுத்த கடாரம், இம்மலையைச் சூழ்ந்த கெடாப் பகுதியே என்பது அறிஞர் பலரின் துணிபு. மலையின் தென்சரிவில், பூஜாங் பள்ளத்தாக்கில், பழைய கோயில்களின் அடித்தளங்கள் பல கண்டெடுக்கப்பட்டன. குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1930களில் ஆய்ந்த புக்கிட் பத்து பஹாட் கோயில், 1960ஆம் ஆண்டளவில் மீண்டும் எடுத்துக் கட்டப்பட்டது. 'பத்து பஹாட்' என்பதற்குச் 'செதுக்கிய கல்' என்பது பொருள். மலையடிவாரத்துச் சுங்கை பத்துவில் 2009ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த அகழாய்வுகள், அங்கு இரும்பு உருக்கும் தொழில் நடந்ததைக் காட்டின.

மழையைப் பிடிக்கும் மலை

இன்று இம்மலையை நாடி வருவோர் பெரும்பாலும் உல்லாசப் பயணிகளே. குருண் பக்கமிருந்து வளைந்து செல்லும் தார்ச்சாலை உண்டு; நடந்து ஏறுவோர்க்குக் காட்டுப் பாதைகளும் உண்டு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும். ஆதலின் அடிவாரத்தில் வியர்த்தவர் மேலே மென்குளிரை உணர்வர். கீழே ஒருபுறம் வயல்வெளியும் மறுபுறம் கடலும் விரிந்து தோன்றும்.

கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்று, தடுத்து நிற்கும் இம்மலையில் மோதி மேலே எழுகிறது. எழுந்த காற்று குளிர்கிறது. குளிர்ந்த ஈரம் முகிலாகி மழையாய்ப் பொழிகிறது. சமவெளியில் வெயில் காயும்போதே உச்சியில் மழை பெய்வதுண்டு. அம்மழையைக் காட்டு மண் உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாய் விடுகிறது. அவ்வாறு கசிந்து வரும் நீரே யான் வட்டாரத்துத் தித்தி ஹாயூன் போன்ற இடங்களில் மக்கள் நீராடி மகிழும் தெளிந்த ஓடைகளாகிறது.

நீர்த்தலை

கொடுக்கும் மலையே எடுப்பதும் உண்டு. 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலையில் பெருமழை கொட்டியது. சரிவுகளில் மண் சரிந்தது. மரங்களும் பாறைகளும் சேறும் ஆறுகளின் வழியே இறங்கி, யான் முதலிய அடிவாரப் பகுதிகளைத் தாக்கின. ஆறு பேர் உயிரிழந்தனர். வீடுகளும் நீராடு துறைகளும் சிதைந்தன.

இத்தகைய திடீர்ப் பெருக்கை மலாய் மக்கள் 'கெப்பாலா ஆயர்' என்பர். 'நீர்த்தலை' எனத் தமிழில் கூறலாம். மண் கொள்ளுமளவு நீரைக் கொண்டபின், மேலும் பெய்வது அப்படியே வழிந்தோடும். இம்மலையின் ஓடைகள் குறுகியவை, செங்குத்தானவை. ஆதலின் உச்சியில் விழுந்த நீர் விரைவில் கீழே வந்துவிடும். விழுந்த மரங்கள் ஓடையை அடைத்துச் சிறிது நேரம் நீரைத் தேக்கிப் பின் உடைந்தால், வேகம் இன்னும் பெருகும். நீராடுவோரின் தலைக்குமேல் வானம் வெளுத்திருப்பது காவல் ஆகாது.

இதற்கு முன்னறிகுறிகள் உண்டு. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கும், இலைகளும் சுள்ளிகளும் மிகுதியாய் மிதந்து வரும், நீர்மட்டம் உயரும், மேலிருந்து இரைச்சல் கேட்கும். இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே கரையேற வேண்டும். ஓடையை ஒட்டிக் கீழ்நோக்கி ஓடுதல் தவறு. பக்கத்து மேட்டை நோக்கி ஏறுதலே முறை. பாய், பாத்திரம், காலணி முதலியவற்றை எடுக்கத் திரும்புதல் கூடாது.

பள்ளிச் சுற்றுலாவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், பேருந்துக் கட்டணத்தையும் உணவையும் திட்டமிடுவது போலவே இதனையும் திட்டமிடுதல் வேண்டும். முதல்நாளே வகுப்பில் அறிகுறிகளை விளக்குதல், ஓடையின் மேற்புறத்தே பெரியவர் ஒருவரைக் காவல் நிறுத்துதல், மேட்டுக்குச் செல்லும் வழியை முன்னரே காட்டிவைத்தல் ஆகிய மூன்றும் செலவற்றவை. புவியியல் பாடத்தில் காற்று, முகில், மழை எனப் படித்தவை யாவும் அங்கே கண்முன் நிகழ்வதால், பாடமும் நெஞ்சில் பதியும்.

முற்காலத்து மாலுமிகள் கரைசேர இவ்வுச்சியை நோக்கினர். ஓடையில் இறங்குமுன் அதே உச்சியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, அங்கே முகில் திரண்டிருக்கிறதா எனக் கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை நம் மாணவர்க்கு ஊட்டிவிட்டால் போதும். அவர்கள் மகிழ்ந்து சென்று நலமே வீடு திரும்புவர்.