ஊசி போடும் கைக்கு உறக்கம் வேண்டாமா?



"டாக்டர் வருகிறார்" என்றதும் எழுந்து நிற்கிறோம். வெள்ளை அங்கியைக் காண்கிறோம். அதனுள்ளே வாடிடும் உள்ளத்தைக் கண்டோமா? நள்ளிரவில் நம் தாய்க்கு ஊசி போட்டிடும் அந்த இளைஞர், மேற்படிப்புப் படித்திடும் மாணவர். முந்தின நாள் காலை முதல் கண்மூடாதவராகவும் இருக்கக்கூடும்!

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் அறிக்கை தந்தது. 25,590 இளநிலை மாணவர்களிடம் கேட்டனர், 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலக் குறை உண்டென்றனர். முதுநிலை மாணவர் 5,337 பேரில் 31.2 விழுக்காட்டினர்க்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமே எழுந்ததாம். நோய் தீர்க்க வந்தவர்க்கா இந்த நோய்?

உடனே எழுவர் உபதேசிகள்! "மனத்திடம் இல்லை" என்பர், "தியானம் செய்" என்பர், "தலைவிதி" என்பர். முதுநிலை மாணவருள் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் வாரம் 60 மணிக்கு மேல் உழைக்கின்றனர் என்கிறது அதே அறிக்கை. தூக்கத்தைப் பறித்துக்கொண்டு தத்துவம் தருவதா?

ஆணை இல்லையா? உண்டு! வாரம் 48 மணி, தொடர்ந்தாற்போல் 12 மணிக்கு மேல் கூடாது என 1992-லேயே மத்திய அரசு கூறிற்று. ஏட்டிலே இருக்கிறது; வார்டிலே இல்லை! பணிக்குழுவோ வாரம் ஒருநாள் ஓய்வு தந்து, 74 மணிக்கு மேல் வேண்டாம் என்றது. 48 எங்கே, 74 எங்கே?

ஆலைத் தோழனே, இந்தக் கணக்கு உனக்குத் தெரியும். 1923-இல் சிங்காரவேலர் சென்னையிலே மே நாள் கொண்டாடினார். 1948-இல் தொழிற்சாலைச் சட்டம் வாரம் 48 மணி என வரம்பு கட்டிற்று. நீ போராடிப் பெற்றது, உன் பிள்ளைக்கு இல்லையா? ஆம், உன் பிள்ளைதான்! அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டால், கூலிக்காரன் வீட்டுப் பிள்ளையும் மருத்துவக் கல்லூரிப் படியேறியுள்ளது. இடம் பெற்றுத் தந்தால் போதுமா? அங்கே மனிதராக வாழவும் வழி வேண்டாமா?

எனவே கேட்கிறோம்: 1992 ஆணையைச் செயற்படுத்துக! மீறுவோர் பதில் கூறிடுக!

பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். "எத்தனை மார்க்கு?" என்னுமுன், "தூங்கினாயா?" என்று கேளுங்கள். மனநல மருத்துவரை நாடுவது இழுக்கன்று. 14416 என்ற அரசு எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை.

நம் உயிர் காக்க விழித்திருப்போர்க்காக, நாம் விழித்திடுவோம்!