சல்லியா, சரித்திரமா?



திருவதிகைக்குப் பக்கத்தில், பண்ருட்டிச் சாலையில் நின்று பாருங்கள். பலாவும் முந்திரியும் ஏற்றிய லாரிகள்! நெய்வேலிக்குப் பாட்டாளியைச் சுமந்தோடும் பேருந்துகள்! விக்கிரவாண்டியிலே புறப்பட்டு, பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியே தஞ்சையைத் தொடும் நெடுஞ்சாலையின் போக்குவரத்து இது. சாலையை அகலப்படுத்தத்தான் வேண்டும். பள்ளத்தில் அச்சு முறிந்து அன்றையக் கூலியை இழப்பவன் நம்மவனல்லவா?

ஆனால், அதே சாலையிலே, கும்பகோணத்தருகே மானம்பாடி என்றோர் ஊர். இராசேந்திர சோழன் காலத்து நாகநாதசாமி கோயில் அங்கே இருக்கிறது. ஆயிரமாண்டுக் கற்றளி, நால்வழிச் சாலைக்காக இடிபட இருந்தது! எதிர்ப்பு எழுந்தது, சாலை விலகிற்று.

"பகுத்தறிவு பேசும் உனக்குக் கோயிலிலே என்ன வேலை?" என்பார் சிலர். கேட்கட்டும்! கல்லைக் கும்பிட அழைக்கவில்லை நான். கல்லில் வெட்டியதைப் படிக்க அழைக்கிறேன். சித்திரைத் திருவிழாவிலே தமிழக்கூத்து ஆடியவனுக்கு நிலம் விட்ட செய்தி மானம்பாடிக் கல்வெட்டிலே இருக்கிறது. நாடக மேடையிலே வளர்ந்த இயக்கத்தானுக்கு அது பாட்டன் சொத்தல்லவா?

இடித்த கதைகள் நமக்குப் புதிதா? 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டிய வெள்ளையன், கங்கைகொண்ட சோழபுரத்து மதிலைப் பெயர்த்துக் கல் எடுத்தான். எத்தனை எழுத்துகள் அணையோடு போயினவோ! 1850களில் லாகூர்–முல்தான் இருப்புப் பாதைக்கு அரப்பாவின் செங்கல்லே சல்லியாயிற்று. வெள்ளையனை மட்டும் ஏசுவானேன்? பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அதைக் கொண்டு இதே திருவதிகையில் குணதரவீச்சரம் எழுப்பினான் பல்லவன் என்று பெரியபுராணமே பெருமையோடு பேசுகிறது!

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். சாலைக்குத் தப்பிய மானம்பாடிக் கோயில், பின்னர் திருப்பணிக்குத் தப்பவில்லை. புதுப்பிக்கிறோம் என்று கல் கல்லாகப் பிரித்தார்கள். 2017இல் யுனெஸ்கோ குழுவின் அறிக்கை வரை போயிற்று அந்தச் சேதி.

பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் நூறு மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழக்கூடாது என்கிறது 2010ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம். பட்டியலில் ஏறாத ஊர்க்கோயிலுக்கும், வயலில் கிடக்கும் சமணச் சிலைக்கும், தாழி புதைந்த மேட்டுக்கும் அந்தக் காவல் ஏது? பண்ருட்டிப் பக்கத்து மருங்கூரிலே 2024இல்தான் அரசு அகழாய்வு தொடங்கிற்று. அதற்கு முன் அங்கே ஒரு பொக்லைன் இறங்கியிருந்தால்?

ஆகவே தோழனே, உன் ஊரிலே அளவைக் கல் நடும் நாளில் நீ அங்கே போ. வழியிலே எழுத்துள்ள கல் இருக்கிறதா, பானை ஓடு கிடக்கிறதா, பார். இருந்தால் படமெடுத்து, சர்வே எண்ணைக் குறித்து, கலெக்டருக்கும் தொல்லியல் துறைக்கும் அன்றே மனு எழுது. நகலொன்றை நமக்கும் அனுப்பு.